டெல்டாவில் மார்கழி, தை மாத வாரக்கடைசி நடை: புதுப் பாதையை எங்கே தேடுவது?

கேள்வி இதுதான்: வீடு கும்பகோணம். கொல்லிமலை, ஏற்காடு என்று முதுகில் பை மாட்டிக்கொண்டு நடந்து பழக்கம். இந்த மார்கழி, தை மாதங்களில் சனி, ஞாயிறு இரண்டே நாளில் போய்வருகிற மாதிரி வீட்டுப் பக்கத்திலேயே புதுசா ஒரு பாதை வேண்டும். மலையும் கிடையாது, காடும் கிடையாது, எங்கே பார்த்தாலும் வயலும் ரோடும்தானே, எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

ஆற்றிலிருந்து ஆரம்பியுங்கள். மேப்பைத் திறந்ததும் கண் ரோட்டுக்குத்தான் போகும், அதை விட்டுவிட்டு ஏதாவது ஒரு தண்ணீரைப் பிடியுங்கள். காவிரி, அரசலாறு, குடமுருட்டி, வெண்ணாறு, வெட்டாறு, வடவாறு, திருமலைராஜன் என்று இத்தனை ஆறுகள் ஓடுகிற ஊரில், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரை இருக்கிற ஊரில், நடக்கப் பாதை இல்லை என்று சொல்லவே முடியாது. இன்னொரு விஷயமும் உண்டு. நம்முடைய பாசன ஆறுகள் சுற்றியிருக்கும் வயலைவிட மேட்டில் ஓடுகின்றன, அப்போதுதான் தண்ணீர் தானாக வயலுக்கு இறங்கும். அதற்காகவே இரண்டு பக்கமும் உயரமாகக் கரை போட்டிருக்கிறார்கள், பிரிகிற வாய்க்காலெல்லாம் கரைக்கு அடியில் மதகு வழியாகத்தான் வெளியே போகிறது, அதனால் மேலே கரை அறுபடாமல் மைல் கணக்கில் தொடர்ந்து போகும். பெரும்பாலும் ஒரு கரையில் தார் ரோடு இருக்கும், எதிர்க்கரையில் புல்லும் டிராக்டர் தடமும் இருக்கும். உங்கள் பாதை அந்த எதிர்க்கரைதான்.

வடிகால்களின் கதை வேறு. அவை தாழ்ந்த நிலத்தில் ஓடுபவை, கரை ஒழுங்காக இருக்காது, ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டே போகும், கடக்கப் பாலம் இருக்கிறதா என்பதே சந்தேகம். கிழக்கே போகப் போக, நாகப்பட்டினம் பக்கம் கடைமடையில், ஆறும் வடிகாலும் கலந்துவிடும். அதனால் புதிதாகத் தேடுகிறவர்கள் மேற்குப் பாதியில், அதாவது கல்லணைக்கும் கும்பகோணத்துக்கும் இடையில் தொடங்குவதுதான் நல்லது.

ஆற்றைப் பிடித்த பிறகு தலைப்புகளைப் பாருங்கள். ஒரு ஆறு இரண்டாக, மூன்றாகப் பிரிகிற இடத்தைத்தான் தலைப்பு என்கிறோம், அங்கே ரெகுலேட்டர் இருக்கும், ஷட்டர் இருக்கும், கடந்து போகப் பாலம் இருக்கும், பக்கத்தில் பெரும்பாலும் ஒரு டீக்கடையும் பஸ் நிற்கிற இடமும் இருக்கும். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நான்காகப் பிரிகிறது. திருக்காட்டுப்பள்ளியில் காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிறது. தஞ்சாவூருக்குப் பக்கத்தில் தென்பெரம்பூரில் வெண்ணாறும் வெட்டாறும் பிரிகின்றன. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பு, அங்கே வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. ஒரு தலைப்பிலிருந்து அடுத்த தலைப்பு வரை ஒரு நாள் என்று வைத்துக்கொண்டால் திட்டம் பாதி முடிந்தது, ஏனென்றால் தண்ணீர், சாப்பாடு, கரை மாறுவது, களைத்துப் போனால் பஸ் பிடிப்பது எல்லாமே அந்த இரண்டு முனைகளிலும் கிடைத்துவிடும்.

அப்புறம் சாட்டிலைட் படம். இதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. நாம் பார்க்கிற படம் பல இடங்களில் கோடையில் எடுத்ததாக இருக்கும். ஆறு வெறும் மணலாகத் தெரியும், நடுவில் குறுக்கே ஒரு வண்டித்தடம் அழகாகப் போகும், அதைப் பார்த்து இங்கே கடந்துவிடலாம் என்று திட்டம் போட்டுவிட்டுத் தை மாதம் போய் நின்றால் இடுப்பளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுகிறார்கள், வரத்தைப் பொறுத்துத் தேதி முன்னே பின்னே போகலாம். அந்தத் தேதிக்கு முன்னால் நடக்கிறீர்கள் என்றால் மணல் வழி எதையும் கணக்கில் சேர்க்காதீர்கள், பாலத்தை மட்டும் நம்புங்கள். மூடிய பிறகும் சில நாளைக்குத் தண்ணீர் வடிந்துகொண்டுதான் இருக்கும். கல்லணையிலிருந்து எந்த ஆற்றில் எத்தனை கன அடி விடுகிறார்கள் என்பது தினசரிப் பத்திரிகையில் வந்துவிடும், கிளம்புகிற வாரம் அதைப் பார்த்துவிடுங்கள். தண்ணீர் தட்டுப்பாடான வருடங்களில் முறை வைத்துக் கொஞ்ச நாள் காவிரிக்கு, கொஞ்ச நாள் வெண்ணாற்றுக்கு என்று மாற்றி மாற்றி விடுவார்கள், அதனால் போன வாரம் பார்த்த ஆறும் இந்த வாரம் பார்க்கிற ஆறும் ஒன்றாக இருக்காது.

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடங்களை இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம், கரை எங்கே தொடர்கிறது, எங்கே நிற்கிறது என்பது அதில் நன்றாகத் தெரியும். ஒரு துண்டு நிலம் தனியாருடையதா, ஆற்றுப் புறம்போக்கா, வாய்க்கால் புறம்போக்கா, வண்டிப்பாதையா என்று சந்தேகம் வந்தால், சர்வே எண் தெரிந்திருந்தால் போதும், தமிழ்நாடு அரசின் இணையப் பக்கத்தில் அ-பதிவேட்டைப் பார்த்துவிடலாம். இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பீர்கள். தென்னந்தோப்புக்குள்ளேயோ வாழைக்கொல்லைக்குள்ளேயோ பாதை நுழைகிற இடத்துக்கு மட்டுமாவது கட்டாயம் பாருங்கள், மற்ற இடத்துக்கு வேண்டாம்.

படத்தைவிட ஆட்கள்தான் எனக்கு முக்கியம். தலைப்பில் ஷட்டர் ஏற்றி இறக்குகிற லஸ்கரிடம் பத்து நிமிஷம் பேசினால் எந்தக் கரை உடைந்திருக்கிறது, எங்கே காட்டாமணக்கு மண்டிக் கிடக்கிறது, எங்கே மூங்கில் பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது என்று எல்லாம் சொல்லிவிடுவார். அறுவடைக்குப் பிறகு என்றால் வாத்து மேய்க்கிறவர்கள், ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆட்டுக்கிடை போட வருகிற கீதாரிகள். ஆட்டையும் வாத்தையும் ஓட்டிக்கொண்டு ஊர் ஊராக நடக்கிறவர்களுக்குத் தெரியாத குறுக்கு வழி எதுவும் இல்லை. "இந்தக் கரையிலேயே போனா எதுவரைக்கும் போகலாம்ணே?" என்று கேளுங்கள். ஊர்ப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் ரோட்டைத்தான் காட்டுவார்கள்.

மாதக் கணக்கைப் பார்ப்போம். கார்த்திகையிலும் மார்கழி முன்பாதியிலும் போகாதீர்கள் என்பதுதான் என் கருத்து. வடகிழக்குப் பருவமழை, காற்றழுத்தத் தாழ்வு, புயல் எல்லாம் அந்த நேரம்தான், கரை முழுவதும் களிமண் ஊறி, செருப்பு ஒவ்வொன்றும் ஒரு கிலோ கனக்கும். மார்கழி பிற்பகுதியிலிருந்து மாசி முடிய நல்ல காலம். அதற்காகத் தை பிறந்தாலே மழை கிடையாது என்றும் நினைக்க வேண்டாம், 2021 ஜனவரியில் பெய்த மழையில் அறுவடைக்கு நின்ற சம்பா தண்ணீரில் மூழ்கியது டெல்டாவில் யாருக்கும் மறந்திருக்காது.

சம்பா அறுவடை நடக்கிற நேரத்தில் நடப்பதற்கு என்று ஒரு ஒழுக்கம் உண்டு. அறுத்த வயல் காலியாகக் கிடக்கிறது, குறுக்கே போய்விடலாம் என்று இறங்காதீர்கள். அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே, நெற்பயிர் நிற்கும்போதே, ஈரத்தில் உளுந்தும் பயறும் தெளித்திருப்பார்கள், தாள்களுக்கு நடுவில் அது முளைத்து நிற்கும், தள்ளியிருந்து பார்த்தால் தெரியாது. ரோட்டில் நெல் காய்கிற இடத்தில் ஓரமாக ஒதுங்கிப் போங்கள். கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்குக் காவலாக ராத்திரி முழுக்கப் பனியில் உட்கார்ந்திருப்பவர்களின் நெல் அது.

சரி, எந்தப் பாதை? நீங்கள் கும்பகோணம் என்பதால் முதலில் ஒரு சுலபமான வழியைச் சொல்கிறேன். வீட்டிலிருந்தே கிளம்பிக் காவிரியைப் பிடித்துக் கிழக்கே மயிலாடுதுறை வரை போங்கள், ரயில் பாதையில் 30 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட, ஆற்றின் வளைவுகளோடு இன்னும் கொஞ்சம் சேரும். இதன் அருமை என்னவென்றால் தெற்கே கொஞ்ச தூரத்தில் ரயில் பாதை கூடவே வருகிறது. திருநாகேஸ்வரம், திருவிடைமருதூர், ஆடுதுறை, நரசிங்கம்பேட்டை, குத்தாலம் என்று சில கிலோமீட்டருக்கு ஒரு நிலையம். கால் கொப்புளித்துவிட்டால் அங்கேயே முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். சனிக்கிழமை ஆடுதுறையோடு நிறுத்தி, ராத்திரி ரயிலிலோ பஸ்ஸிலோ வீட்டுக்கே வந்து தூங்கிவிட்டு, ஞாயிறு காலை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாலும் அது நடைதான், யாரும் குறை சொல்ல முடியாது. வழியில் நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் செய்கிற பட்டறை ஏதாவது திறந்திருந்தால் அனுமதி கேட்டு நின்று பாருங்கள். ஆச்சா மரத்தைக் கடைந்து, அதிலும் பழைய வீடுகளின் விட்டத்திலிருந்து எடுத்த நன்றாகக் காய்ந்த மரமாகத் தேடிக் கடைந்து செய்வார்கள், அரைமணி நேரம் போவதே தெரியாது.

என் மனசுக்குப் பிடித்தது கல்லணையிலிருந்து திருவையாறு. இரண்டு நாளும் சேர்த்துச் சுமார் 35 கிலோமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை ராத்திரியே தஞ்சாவூரிலோ திருச்சியிலோ தங்கிவிட்டு, காலையில் முதல் பஸ்ஸில் கல்லணைக்குப் போய்விடுங்கள். மணலில் கல்லைப் போட்டுக் கரிகாலன் கட்டினான் என்று சொல்லப்படுகிற அந்த அணையின் மேலேயே நடந்து, நாலு ஆறும் பிரிவதைப் பார்த்துவிட்டுக் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் உள்ள நிலத்தில் இறங்கினால், ஒரு பக்கம் கரைபுரளக் காவிரி, இன்னொரு பக்கம் கொஞ்சம் தள்ளிப் பரந்த மணலாகக் கொள்ளிடம். கொள்ளிடத்தில் வெள்ளக் காலத்தில்தான் தண்ணீர் நிறையும், மற்ற நாளில் மணலும் நாணலும்தான். இவ்வளவு பக்கத்தில் இப்படி இரண்டு விதமான ஆறு ஓடுவதை நடந்து பார்த்தால்தான் தெரியும், பஸ்ஸில் தெரியாது. வழியில் கோவிலடி, அப்பக்குடத்தான் கோவில். மார்கழி என்றால் விடியற்காலைப் பூஜை முடிந்து கோவில்களில் வெண்பொங்கல் கிடைக்கும், அதற்கு ஏற்ற மாதிரி வேகத்தை வைத்துக்கொள்ளலாம். திருக்காட்டுப்பள்ளிப் பாலத்தில் ஆற்றைக் கடந்தால் முதல் நாள் முடிந்தது.

இரண்டாம் நாள் நடுக்காவேரி, திருப்பூந்துருத்தி, கண்டியூர் என்று ஊர்களை ஒட்டிப் போகலாம், முடிந்த இடங்களில் எல்லாம் ரோட்டைவிட்டுக் குடமுருட்டிக் கரைக்கு ஏறிவிடுங்கள். கண்டியூரிலிருந்து திருவையாறு கிட்டத்தில்தான், குடமுருட்டியையும் காவிரியையும் பாலத்தில் கடந்தால் ஊர். தியாகராஜர் ஆராதனை பெரும்பாலும் ஜனவரியில் வரும், அந்த நாட்களில் பாட்டுக் கேட்கத் திருவையாறு போங்கள், அந்த வாரம் தங்க இடம் கிடைப்பது கஷ்டம். மற்ற நாட்களில் பிரச்சனை இல்லை, தஞ்சாவூருக்கு பஸ் ஓடிக்கொண்டே இருக்கும்.

இதே பகுதியில் இன்னும் ஒரு பாதை, நம் முன்னோர் போட்டு வைத்தது. திருவையாறு, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று ஏழூர் சுற்று. சித்திரையில் பல்லக்கு போகிற வழி. அப்போது ஆற்றில் தண்ணீர் இருக்காது, மணலில் இறங்கியே கடந்துவிடுவார்கள். குளிர்காலத்தில் அது முடியாது, பாலங்களைத் தேடிச் சுற்ற வேண்டும், அதனால் சுற்று இன்னும் நீளும். கோவிலும் வேண்டும், நடையும் வேண்டும் என்பவர்களுக்கு இதைவிட நல்லது கிடையாது.

பறவை பார்க்க ஆசை இருந்தால் தஞ்சாவூரிலிருந்து வடவாற்றைப் பிடித்து வடுவூர் ஏரி வரை, மறுநாள் மன்னார்குடி வரை. 2022-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த ஏரி, நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வலசைப் பறவைகள் நிறைந்திருக்கும். மன்னார்குடியில் ரயில் இருக்கிறது. கடல்தான் வேண்டும் என்றால் பூம்புகாரிலிருந்து தரங்கம்பாடிக்குக் கரையோரமாக, தூரம் குறைவு, ஒரு நாள் போதும், ஆனால் மழைக்குப் பிறகு இடையில் உள்ள சின்ன முகத்துவாரங்கள் திறந்து ஓடும், மீனவர் கிராமத்தில் கேட்காமல் எதிலும் இறங்கக்கூடாது. மயிலாடுதுறை தரங்கம்பாடி பழைய ரயில் தடத்தில் நடக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. 1980-களில் நிறுத்தப்பட்ட அந்தப் பாதையில் செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் என்று ஊர்கள் எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன, என்னைக் கேட்டால் அது முதல் பாதையாக வேண்டாம், நாலைந்து கரை நடந்து பழகிய பிறகு பார்க்கலாம்.

தங்குவது பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஆற்றுக்குள் மணல் திட்டில் டென்ட் போடாதீர்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. மேலே ஷட்டரைத் திறந்தால் ராத்திரியில் தண்ணீர் ஏறுவது உங்களுக்குத் தெரியாது. வயல் நடுவிலும் வேண்டாம். சின்ன ஊர் என்றால் பொழுது சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்ச் சேர்ந்து, ஊராட்சித் தலைவரையோ கோவில் ஆட்களையோ பார்த்து, யார், எந்த ஊர், எங்கே போகிறோம் என்று சொல்லிவிட்டுச் சமுதாயக்கூடமோ மண்டபமோ கிடைக்குமா என்று கேளுங்கள். பாதயாத்திரை போகிறவர்களுக்கு இடம் கொடுத்துப் பழகிய ஊர்கள் இவை, பகலில் முகம் காட்டிக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், இருட்டிய பிறகு டார்ச்சோடு வந்து நின்றால் யாருமே யோசிப்பார்கள். கிடைக்கவில்லை என்றால் பஸ் ஏறித் தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ லாட்ஜில் தூங்கிவிட்டு வாருங்கள்.

விடியற்காலையில் ஊரை ஒட்டிய கரைகளில் நடக்காதீர்கள். பெண்கள் ஒதுங்குகிற இடமாக இருக்கும், ஆண்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அங்கே போய் நிற்பது மகா தப்பு. எப்படியும் மார்கழிப் பனியில் புல்லெல்லாம் நனைந்து, எட்டரை மணி வரைக்கும் கால் சொதசொதவென்றுதான் இருக்கும். அதனால் கருக்கலில் கிளம்பி முதல் இரண்டு மணி நேரம் ரோட்டில் நடந்துவிட்டு, வெயில் ஏறியதும் கரைக்குப் போகிற மாதிரி திட்டம் போடுங்கள், இரண்டு பிரச்சனையும் தீர்ந்தது. படித்துறையில் குளிக்கிறவர்கள் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள்.

பாம்பை லேசாக நினைக்க வேண்டாம். அறுப்பு நேரத்தில் எலியைத் தேடி வயலில் கண்ணாடி விரியன் இருக்கும், காலை வெயிலில் வரப்பிலும் கரையிலும் படுத்துக் கிடக்கும், காய்ந்த சருகுக்கு நடுவில் கண்ணுக்கே தெரியாது. கையில் ஒரு மூங்கில் கழி வைத்து முன்னால் தட்டிக்கொண்டே நடங்கள், நாய்க்கும் அதுவே உதவும். இருட்டில் புல்தரையில் நடக்கவே கூடாது. கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம், காலை அசைக்காமல் உட்கார வைத்து 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், விஷமுறிவு மருந்து அங்கேதான். கொள்ளிடத்தில் அணைக்கரைக்குக் கீழே, சிதம்பரம் பக்கம் வரை, முதலை இருக்கிறது, அங்கே குளிக்க இறங்காதீர்கள். கல்லணைக் கால்வாயில் சிமென்ட் பூசிய சரிவு, வழுக்கி விழுந்தால் ஏற முடியாது. காலில் வெட்டோ கொப்புளமோ இருந்தால் சேற்றிலும் தேங்கிய தண்ணீரிலும் இறங்காமல் இருங்கள், எலிக்காய்ச்சல் அப்படித்தான் வருகிறது.

பை 7 கிலோவைத் தாண்ட வேண்டாம். மலை ஏறிப் பழகியவர்கள் சமவெளியைச் சுலபம் என்று நினைப்பார்கள், ஆனால் ஏற்ற இறக்கமே இல்லாமல் நாள் முழுக்க ஒரே தசை வேலை செய்யும்போது கால் சீக்கிரமே சொல்லிவிடும். அதனால் ஒரு நாளைக்கு 18 கிலோமீட்டர் போதும். ஒரு போர்வை, கொசுவலை, பிளாஸ்டிக் ஷீட், மாற்றுச் சாக்ஸ் இரண்டு ஜோடி, வார் வைத்த சாண்டல் ஒன்று தனியாக, தொப்பி கட்டாயம், ஏனென்றால் ஆற்றோடு கிழக்கே போகும்போது காலை வெயில் நேராக முகத்தில்தான் அடிக்கும். தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், உரமும் மருந்தும் கலந்து வருகிற வாய்க்கால் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், கடலோரம் போனால் அடிபம்பிலும் உப்புத்தான் வரும் என்பதால் இன்னும் ஒரு லிட்டர் கூட. சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம், ஆனால் சின்ன ஊர்க் கடைகள் மத்தியானம் மூடிவிடும், பன்னிரண்டுக்குள் வாங்கிவிடுங்கள்.

தை மாதத்தில் ஆறரைக்கு மேல்தான் சூரியன் வரும், மாலை ஆறு மணி சுமாருக்கு மறைந்துவிடும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதைக் காலையிலேயே அந்த ஊர் டீக்கடையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், பொங்கல் வாரத்தில் மட்டும் அதையும் நம்பாமல் ஒரு பஸ் முன்னாலேயே ஏறிவிடுங்கள்.